அடியாத நாயும் படியும்

“அடியாத மாடு படியாது” என்பது நம் நாட்டுப் பழமொழி. மாட்டுக்குச் சொன்னதை மனிதன் மாட்டோடு நிறுத்திக்கொள்ளவில்லை. பிள்ளைக்கும் சொன்னான், மாணவனுக்கும் சொன்னான், நாய்க்குச் சொல்லவே வேண்டியதில்லை. அப்பழமொழியை நம்பி ஒரு நாயை அடித்தவன் நான். அடித்ததால் எதை இழந்தேன், அடிக்காமல் எதைப் பெற்றேன் என்பதைக் கொள்ளிடக் கரையில் நாள்தோறும் நடந்து கற்றுக்கொண்டவனும் நானே. அந்த அனுபவத்தைச் சாட்சியாகக் கொண்டு, அப்பழமொழி பிழை என்று இங்கே வழக்காட வந்திருக்கிறேன். பேராசிரியப் பெருமக்களும் உடன் பயிலும் நண்பர்களும் தீர்ப்பு வழங்கட்டும்.

நாய்க்காக வாதாட இது நல்ல வேளையன்று என்பதை அறிவேன். நாளிதழைத் திறந்தால் நாய்க்கடிச் செய்தி. தில்லித் தெருநாய்களைப் பிடித்துக் காப்பகங்களில் வைக்குமாறு 2025 ஆகஸ்ட் 11ஆம் நாள் உச்ச நீதிமன்றம் ஆணையிட்டது. அதே மாதம் 22ஆம் நாள் அவ்வாணையைத் திருத்தி, வெறிநோய் கண்டவையும் மூர்க்கமானவையும் நீங்கலாக மற்றவற்றைக் கருத்தடையும் தடுப்பூசியும் முடித்துப் பிடித்த பகுதியிலேயே விடச் சொன்னது. அதைப் பற்றி நம் கல்லூரி மரத்தடியில் நடந்த விவாதங்களை நாம் அனைவரும் கேட்டிருக்கிறோம். தெருநாயைப் பற்றிப் பேச எல்லோருக்கும் வாய் இருக்கிறது. ஆனால் வீட்டில் ஆசையாய் நாய் வாங்கிக் கட்டிப் போட்டவனின் கடமையைப் பற்றி யார் பேசுகிறார்கள்? என் பேச்சு அதைப் பற்றியது.

வேலை இழந்த வேட்டைக்காரன்

சென்ற ஆண்டு பொங்கலுக்குச் சாத்தூர்ப் பக்கத்திலிருந்து வந்த என் தாய்மாமன், கரும்புக் கட்டோடு ஆறு மாதக் குட்டி ஒன்றையும் கொண்டுவந்து இறக்கினார். சிப்பிப்பாறை நாய். சிப்பிப்பாறை என்பது விருதுநகர் மாவட்டத்து ஊர் ஒன்றின் பெயர். ஊர்ப்பெயரே நாய்க்கும் பெயராயிற்று. நீண்ட முகம், ஆழ்ந்த மார்பு, ஒட்டிய வயிறு, சாட்டை போன்ற வால். ஓடும்போது நான்கு கால்களும் ஒருசேர நிலத்தை விட்டு எழும். அந்த ஓட்டத்தைக் கண்டு நான்தான் ‘மின்னல்’ என்று பெயரிட்டேன். ஒரு மாதத்தில் மூன்று சோடிச் செருப்பும், அப்பாவின் குடையும், என் அகராதியில் ‘க’ வரிசை முழுவதும் அவன் வயிற்றுக்குள் போயின. அதன்பின் அம்மா அவனை அழைத்த பெயரை இம்மலரில் அச்சிட முடியாது.

இராஜபாளையம், கோம்பை, கன்னி, சிப்பிப்பாறை என்று நம் நாட்டு நாய்களுக்கு நெடிய வரலாறு உண்டு. 2005ஆம் ஆண்டு இந்திய அஞ்சல் துறை வெளியிட்ட நாய்த் தலைகளில் இராஜபாளையம் நாயும் இடம்பெற்றது. இவற்றுள் சிப்பிப்பாறையும் கன்னியும் கண்ணால் கண்டு துரத்தும் இனங்கள். தூரத்தில் ஒரு முயல் அசைந்தால் போதும். மூளை எண்ணுமுன் கால் பாய்ந்துவிடும். கரிசல் காட்டில் முயலை ஓடிப் பிடிப்பதற்கென்றே தலைமுறை தலைமுறையாகத் தேர்ந்து வளர்க்கப்பட்ட உடல் அது. 1972ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் வேட்டைக்குத் தடை போட்டது. சட்டம் நல்ல சட்டமே, முயல் பிழைக்கட்டும். ஆனால் அந்தச் சட்டம் வந்த செய்தி நாயின் கால்களுக்குத் தெரியாது. வேலை போய்விட்டது, வேலைக்கென்று ஆன உடம்பு மட்டும் இருக்கிறது.

“நாய்க்கு வேலையும் இல்லை, நிற்க நேரமும் இல்லை” என்று நாம் கேலி செய்கிறோம். மின்னலைப் பார்த்த பிறகு அது எனக்குக் கேலியாகத் தோன்றவில்லை. வேலை இல்லாததால்தான் நிற்க நேரமில்லை. படித்துவிட்டு வேலையின்றித் தெருவை அளக்கும் அண்ணன்மாரைக் கண்ட நமக்கா இது விளங்காது?

யார் யாரை நடத்தியது?

எங்கள் வீடு திருவரங்கத்தில் வடக்கு வாசலைத் தாண்டிக் கொள்ளிடம் போகும் வழியில் இருக்கிறது. விடியுமுன் நாயை ஆற்றங்கரை வரை நடத்திச் சென்று திரும்பி, குளித்து, ஒன்றாம் எண் பேருந்தைப் பிடித்துக் கல்லூரிக்கு வருவது என்று திட்டம் போட்டேன். நான் நாயை நடத்திச் சென்றேன் என்று சொன்னால் அது பொய். நாய் என்னை இழுத்துச் சென்றது. எதிரே சைக்கிளில் வரும் பால்காரர் நாள்தோறும் ஒரே கேள்வியைக் கேட்பார்: “தம்பி, யாரு யாரைக் கூட்டிக்கிட்டுப் போறீங்க?”

அறிவுரைக்குப் பஞ்சமில்லை. சங்கிலியைக் குட்டையாக்கு என்றார் ஒருவர். காதைத் திருகு என்றார் இன்னொருவர். ஒரு வேளை பட்டினி போடு, வேப்பங்குச்சி ஒன்றைக் கையில் வைத்துக்கொள், அடி உதவுகிற மாதிரி அண்ணன் தம்பி உதவமாட்டான் என்றார் அடுத்த வீட்டுத் தாத்தா. அத்தனை பேர் சொன்ன அறிவுரையும் கடைசியில் ஒரே அறிவுரைதான்: நாயை அச்சப்படுத்து.

மாசி மாதம் ஒரு நாள் அதற்கு வாய்ப்பு வந்தது. கொள்ளிடத்தில் நீர் வற்றி, கண்ணுக்கு எட்டிய தூரம் மணலும் நாணலுமாய்க் கிடந்தது. தெற்கே இராஜகோபுரத்தின் உச்சியில் அப்போதுதான் வெயில் பட்டிருந்தது. மணலில் ஒரு பெரியவர் ஆடு மேய்த்துக்கொண்டிருந்தார். குட்டி ஒன்று துள்ளி ஓடியது. அவ்வளவுதான்; கயிறு என் உள்ளங்கையை அறுத்துக்கொண்டு பறந்தது. நான் மணலில் கால் புதையப் புதைய ஓடிச் சேர்வதற்குள் ஆட்டுக்குட்டியின் பின்னங்காலில் இரத்தம். பெரியவரின் கூக்குரல் ஒரு பக்கம், என் வெட்கம் ஒரு பக்கம். கிடந்த கருவேலங் கழியை எடுத்து, கை ஓயும் மட்டும் மின்னலை அடித்தேன். அவன் கத்திய கத்தல் இன்னும் என் காதில் இருக்கிறது.

குட்டியைத் தூக்கிக்கொண்டு கால்நடை மருத்துவரிடம் போனோம். தையல் போட்டார்கள். உதவித்தொகையில் மிச்சம் பிடித்து வைத்திருந்த ஆயிரத்து இருநூறு ரூபாயைப் பெரியவரிடம் கொடுத்தேன். அவர் எண்ணிப் பார்க்காமல் மடியில் கட்டிக்கொண்டார்.

அடித்தாயே, நாய் திருந்தியதா என்று கேட்பீர்கள். மறுநாள் கயிற்றை எடுத்தவுடன் மின்னல் கட்டிலுக்கு அடியில் போய்ப் பதுங்கினான். வெளியே இழுத்து வந்தால், முன்னைவிட வேகமாக இழுத்தான். முன்பு ஆற்றை நோக்கி இழுத்தவன், இப்போது என்னை விட்டு விலக இழுத்தான். பெயர் சொல்லி அழைத்தால் பத்தடி தள்ளி நின்று என் கையையே பார்த்தான். தெருவில் ஆட்டைக் கண்டால் மட்டும் பழையபடி பாய்ந்தான்.

அப்பா அதிகம் பேசாதவர். அன்று இரவு சாப்பிட்டுக் கை கழுவிவிட்டுச் சொன்னார்: “சித்திரை முடியறதுக்குள்ள இது அடங்கலேன்னா உங்க மாமாகிட்டயே திருப்பி அனுப்பிடுவேன். இன்னைக்கு ஆட்டுக்குட்டி. நாளைக்கு ஒரு குழந்தைன்னா யாருடா பதில் சொல்றது?” அவர் கேட்டதில் தவறில்லை. ஆனால் மாமா வீட்டில் இடமில்லாததால்தான் அவன் இங்கே வந்தான். திரும்பிப் போனால் யாருடைய தோப்பிலோ ஆயுள் முழுவதும் சங்கிலியில் கிடப்பான். எனக்கு இருந்தது இரண்டு மாதம்.

ஆட்டுக்காரர் நடத்திய பாடம்

ஒரு வாரம் கழித்துக் குட்டியைப் பார்க்கப் போனேன். நொண்டி நொண்டி நடந்துகொண்டிருந்தது. பெரியவரின் காலடியில் செவலை நாட்டு நாய் ஒன்று படுத்திருந்தது. அதற்குப் பட்டையும் இல்லை, கயிறும் இல்லை. நூறு ஆடுகளுக்கு நடுவில் கண்மூடிக் கிடந்தது. நான் வெட்கத்தோடு, “ஐயா, இது மட்டும் எப்படி இப்படி இருக்கு?” என்று கேட்டேன்.

அவர் நேராக விடை சொல்லவில்லை. “அன்னைக்கு உங்க நாயை அடிச்சீங்களே தம்பி, எதுக்கு அடிச்சீங்க?”

“குட்டியைக் கடிச்சதுக்கு.”

“அது உங்களுக்குத் தெரியும். நாய்க்குத் தெரியுமா? அது கடிச்சப்ப நீங்க அந்த நாணலுக்கு அங்கிட்டு இருந்தீங்க. நீங்க வந்து சேர்றப்ப அது குட்டியை விட்டுட்டு, உங்களைப் பார்த்து வாலை ஆட்டிக்கிட்டு நின்னுச்சு. அது நின்னதுக்குத்தான் அடி வாங்குச்சு.”

எனக்கு விடையில்லை. அவர் தொடர்ந்தார்: “இந்த நாய் பொழுது விடிஞ்சதிலிருந்து பொழுது சாயற வரைக்கும் என்கூட நடக்குது. எங்க திரும்புவேன், எங்க நிப்பேன்னு அதுக்கு அத்துப்படி. உங்க நாய்க்கு உங்களைத் தெரியாது. கயித்தைத்தான் தெரியும். மொதல்ல நீங்க நிக்கப் பழகுங்க தம்பி. அப்புறம் அது நடக்கப் பழகும்.”

அவர் பள்ளிக்கூடம் போனவரா என்று எனக்குத் தெரியாது. ஆனால் உளவியல் நூல்கள் நூறு பக்கத்தில் சொல்வதை நான்கு வாக்கியத்தில் சொல்லிவிட்டார் என்பதைப் பின்னால் நம் கல்லூரி நூலகத்தில் உட்கார்ந்து அறிந்துகொண்டேன்.

நிற்கக் கற்றேன்

மறுநாள் முதல் ஒரே விதி: கயிறு விறைத்தால் நான் நிற்பேன், தளர்ந்தால் நடப்பேன். திட்டுவதில்லை, சுண்டி இழுப்பதில்லை. மரம் போல நிற்பது, அவ்வளவுதான். முதல் நாள் எங்கள் வாசலிலிருந்து தெருமுனை வரை, ஏறத்தாழ இருநூறு அடி தூரம், போக அரை மணி நேரம் ஆயிற்று. கோலம் போட்டுக்கொண்டிருந்த பெண்கள் கோலத்தை விட்டுவிட்டு என்னைப் பார்த்தார்கள். பால்காரர் சைக்கிளை நிறுத்தி, “என்ன தம்பி, வண்டி ரிப்பேரா?” என்றார். இழுத்தால் ஆறு அருகில் வராது, தளர்த்தினால் வரும் என்பதை மின்னல் கண்டுகொள்ள மூன்று வாரம் பிடித்தது. அந்த மூன்று வாரமும் அவன் பொறுமையைவிட என் பொறுமைக்குத்தான் தேர்வு நடந்தது. பல நாள் நான் தோற்றேன். காலைத் தேர்வு இருந்த நாளில் அவசரத்தில் அவனை இழுக்கவிட்டு நடந்தேன்; மறுநாள் முதலிலிருந்து தொடங்க வேண்டியதாயிற்று. விதி என்றால் இரு பக்கமும் விதியாக இருக்க வேண்டும் போலும்.

இரண்டாவது பாடம், கூப்பிட்டால் வருவது. வீட்டில் பழைய கிணற்றுக் கயிறு ஒன்று முப்பதடி இருந்தது. பாய்ந்து ஓடும் நாயின் கழுத்தில் நீளக் கயிற்றைக் கட்டினால் ஓட்டத்தின் முடிவில் கழுத்து நெரியும். ஆகவே மார்பைச் சுற்றி வரும் பட்டை ஒன்றை வாங்கி அதில் கட்டினேன். மணலில் விட்டுவிட்டுப் பெயர் சொல்லிக் கூப்பிடுவேன். வந்தால் அவித்த முட்டையில் ஒரு துண்டு. வராவிட்டால் ஒன்றுமில்லை. குளிப்பாட்டவும் கட்டிப் போடவும் அவனைக் கூப்பிடுவதில்லை. அப்போது நானே போய் அழைத்து வருவேன். எவ்வளவு தாமதமாக வந்தாலும் கடிந்துகொள்வதில்லை. பத்து நிமிடம் சுற்றிவிட்டு வந்த நாயைத் திட்டினால், சுற்றியதற்காகத் திட்டுகிறான் என்று அது நினைக்காது. வந்ததற்காகத் திட்டுகிறான் என்றே நினைக்கும். ஆட்டுக்காரர் சொன்னது அதுவே.

மூன்றாவது, மோந்து பார்க்க விடுவது. முதலில் எனக்கு இதுதான் எரிச்சலாக இருந்தது. ஒவ்வொரு வேலிக்காலிலும் நின்றால் எப்போது போய்ச் சேர்வது? மனிதனின் மூக்கில் மணத்தை உணரும் செல்கள் ஏறத்தாழ 50 இலட்சம் என்றும் நாயின் மூக்கில் 20 கோடிக்கும் மேல் என்றும் படித்த பிறகு எரிச்சல் போயிற்று. காலையில் தேநீர்க் கடையில் செய்தித்தாளை வரி விடாமல் படிப்பவரை நாம் கையைப் பிடித்து இழுக்கிறோமா? இரவு அவ்வழி போனவை எவை, எத்திசையில் போயின என்பதெல்லாம் அவனுக்கு அந்த வேலிக்காலில் அச்சாகியிருக்கிறது. நன்றாக நடந்தால் நின்று படிக்கலாம் என்று ஆக்கியதும், முட்டைச் செலவு பாதியாகக் குறைந்தது!

நான்காவது, வெயில். நாய்க்கு நம்மைப் போல உடம்பெல்லாம் வியர்ப்பதில்லை. மூச்சிரைத்துத்தான் சூட்டைத் தணித்துக்கொள்ள வேண்டும். பங்குனி, சித்திரையில் ஆற்று மணலும் தார்ச்சாலையும் எப்படிச் சுடும் என்பது திருச்சிக்காரர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. புறங்கையைத் தரையில் வைத்துப் பார்ப்பேன். என் கை தாங்காத தரை அவன் காலுக்கும் ஆகாது. எனவே வெயில் ஏறுமுன் வீடு திரும்பிவிடுவோம்.

நூலகம் சொன்னது

உருசிய அறிஞர் பாவ்லோவ் நாயின் செரிமானத்தை ஆராய்ந்து 1904இல் நோபல் பரிசு பெற்றவர். உணவுக்கு முன்னால் தவறாமல் வரும் ஓர் ஒலி, நாளடைவில் தானே நாயின் வாயில் நீரூறச் செய்யும் என்று காட்டியவரும் அவரே. நன்மை தந்த செயலை உயிர்கள் மீண்டும் செய்யும் என்பதை அமெரிக்க உளவியலார் தார்ண்டைக் 1898இல் பூனைகளைக் கொண்டு விளக்கினார். பின்னர் ஸ்கின்னர் அதை விரிவாக்கினார். இவர்கள் ஆய்வுகளிலிருந்து நான் எடுத்துக்கொண்டது ஒன்றுதான்: செயலுக்கும் பயனுக்கும் இடையே கால இடைவெளி கூடாது. முட்டைக்கும் அது பொருந்தும், அடிக்கும் பொருந்தும். நாணலைத் தாண்டி ஓடிவந்து நான் கொடுத்த அடி, முகவரி தவறிப் போன கடிதம்.

“நாய் என்றால் ஓநாய் இனம், கூட்டத்துக்கு ஒரு தலைவன் உண்டு, நீ தலைவன் என்று அடித்துக் காட்டினால்தான் அடங்கும்” என்று என் நண்பர்களுள் ஒருவர் வாதிட்டார். இந்தக் கருத்துக்கும் ஒரு வரலாறு உண்டு. 1947இல் ஷெங்கெல் என்பவர், ஓரிடத்தில் அடைத்து வைக்கப்பட்டிருந்த ஓநாய்களைக் கண்டு, அவை மேலாண்மைக்காகச் சண்டையிடுவதை எழுதினார். மெக் என்ற அமெரிக்க ஆய்வாளர் 1970இல் வெளியிட்ட ஓநாய் பற்றிய நூல் அக்கருத்தை எங்கும் பரப்பியது. பின்னர் அதே மெக், காட்டில் சுதந்திரமாக வாழும் ஓநாய்களைப் பல்லாண்டு பார்த்துவிட்டு, 1999இல் தம் கருத்தைத் தாமே திருத்தினார். காட்டு ஓநாய்க் கூட்டம் என்பது பெரும்பாலும் ஒரு தாயும் தந்தையும் அவற்றின் பிள்ளைகளுமே. அடித்துப் பிடித்த அரசு அன்று, குடும்பம். சிறையில் அடைத்து வைத்துப் பார்த்ததை இயல்பு என்று எண்ணியது பிழை. சங்கிலியில் கட்டிய நாயைப் பார்த்து “இதன் குணமே இப்படி” என்று நாம் சொல்வதும் அதே வகைப் பிழைதான்.

வரலாற்று மாணவன் என்ற முறையில் இன்னொரு சாட்சியையும் அழைக்கிறேன். திருவண்ணாமலை மாவட்டம் எடுத்தனூரில் 7ஆம் நூற்றாண்டைச் சேர்ந்த நடுகல் ஒன்று உண்டு. முதலாம் மகேந்திரவர்மன் காலத்தது. நம் மலைக்கோட்டையில் குடைவரை எடுத்த அதே பல்லவ மன்னன். தொறுப்பூசலில் இறந்த வீரனோடு, இரு கள்வரைக் கடித்துத் தலைவனைக் காத்து நின்ற அவனுடைய நாயும் அக்கல்லில் இடம்பெற்றிருக்கிறது. அந்த நாயின் பெயர் ‘கோவிவன்’ என்பது கல்வெட்டு. ஏறத்தாழப் பதினான்கு நூற்றாண்டுக்கு முன் வாழ்ந்த எத்தனை மனிதர் பெயர் நமக்குத் தெரியும்? கோவிவன் பெயர் தெரிகிறது. நாள்தோறும் மந்தையோடும் மனிதனோடும் நடந்த நாயாகத்தான் கோவிவன் இருந்திருக்க வேண்டும் என்று நான் எண்ணுகிறேன். கொம்புக்கு அஞ்சிய நாய், கொம்பு பிடித்தவன் வீழ்ந்ததும் ஓடியிருக்கும்.

சித்திரைத் தேர்வு

சித்திரை முடிய நான்கு நாள் இருந்தபோது அப்பா எங்களோடு ஆற்றுக்கு வந்தார். அவர் கரைமேல் நின்றுகொண்டார். நான் மின்னலை நீளக் கயிற்றில் மணலில் இறக்கினேன். பெரியவரின் மந்தை தூரத்தில் மேய்ந்தது. நொண்டிய குட்டியும் இப்போது வளர்ந்து மந்தையோடு நின்றது.

ஆடுகளைக் கண்டதும் மின்னலின் உடம்பு வில்லாய் வளைந்தது. காது நிமிர்ந்தது, பின்னங்கால் நடுங்கியது. கிணற்றுக் கயிறு மணலில் தளர்ந்து கிடந்தது. நான் பெயர் சொல்லிக் கூப்பிட்டேன். அவன் திரும்பவில்லை. மீண்டும் கூப்பிட்டேன். காது ஒன்று மட்டும் என் பக்கம் திரும்பியது. ஓடிப் போய்க் கயிற்றைப் பிடித்துவிடலாமா என்று கை துடித்தது. பிடிக்கவில்லை, நின்றேன். மூன்றாம் முறை கூப்பிட்டதும், ஆட்டை ஒரு முறையும் என்னை ஒரு முறையும் பார்த்தான். பிறகு திரும்பி, அந்த வேட்டை ஓட்டம் முழுவதையும் என்னை நோக்கி ஓடிவந்தான். பையிலிருந்த முட்டை முழுவதையும் கொடுத்துவிட்டேன். எதிரே பெரியவர் கம்பை ஊன்றிக்கொண்டு, “இப்பத்தான் தம்பி அது உங்க நாய்” என்றார்.

அப்பா ஒன்றும் சொல்லவில்லை. திரும்பும் வழியில் கயிற்றைத் தம் கையில் வாங்கிக்கொண்டார். புதிய கை என்றதும் மின்னல் பழைய வேலையைக் காட்டினான், கயிறு விறைத்தது. அப்பா தெரு நடுவில் நின்றார். பேசாமல், அசையாமல், கயிறு தளரும் வரை நின்றார். இரண்டு மாதமாகத் திண்ணையில் உட்கார்ந்து செய்தித்தாளுக்கு மேலாக அவர் என்னைக் கவனித்திருக்கிறார் என்பது அப்போதுதான் எனக்குத் தெரிந்தது.

மின்னல் முற்றும் துறந்த முனிவனாகிவிட்டான் என்று சொல்லமாட்டேன். அணிலைக் கண்டால் இன்றும் அவன் காது கேட்பதில்லை. ஆடிப்பெருக்குச் சமயத்தில் ஆற்றில் நீர் வந்து எங்கள் மணல்வெளி மறைந்தபோது, பஞ்சக்கரைச் சாலையில் நடந்தோம். லாரிச் சத்தத்தில் ஒரு வாரம் பாடமெல்லாம் மறந்து போனது. மறுபடி நின்றோம், மறுபடி நடந்தோம். இன்றளவும் ஆடுகள் பக்கம் அவனைக் கயிறில்லாமல் விடுவதில்லை. பழக்கம் எவ்வளவு ஏறினாலும் கயிறு கயிறுதான். பிறர் பிழைப்புக்கு நான் தரவேண்டிய மரியாதை அது.

தீர்ப்புக்கு முன் சில சொற்கள்

நண்பர்களே! நாட்டு நாய் வளர்ப்பது இன்று ஒரு பெருமையாகி வருகிறது. மகிழ்ச்சியே. ஆனால் பெருமைக்கென்று வாங்கி, இரண்டு முழச் சங்கிலியில் வாசலில் கட்டி வைத்து, “ஆளைக் கண்டால் பாய்கிறது பார்” என்று காட்டுவது வளர்ப்பு அன்று. காலையும் மாலையும் ஒரு மணி நேரம் கொடுக்க முடியாதவர் ஓடும் இனத்து நாயை வாங்க வேண்டாம். அடங்கவில்லை என்று தெருவில் விட்டுவிடுவோர் இருக்கும் வரை தெருநாயைக் குறை சொல்ல நமக்கு வாயில்லை.

வளர்ப்பவர் ஆண்டுதோறும் வெறிநோய்த் தடுப்பூசி போட வேண்டும். பொது இடத்தில் கயிற்றை விடக்கூடாது. எந்த நாய் கடித்தாலும், சிறு கீறலே ஆயினும், உடனே சோப்புப் போட்டு ஓடும் நீரில் பதினைந்து நிமிடம் கழுவி, மருத்துவமனைக்குப் போக வேண்டும். மஞ்சள் வைப்பதும் சுண்ணாம்பு தடவுவதும் உயிரைக் காக்கா. நோய் முற்றிய பின் அதற்கு மருந்தில்லை; கடித்தவுடன் போட்டுக்கொள்ளும் ஊசியே மருந்து.

இறுதியாக ஒன்று. நம்மில் பலர் நாளை ஆசிரியராகப் போகிறவர்கள். 2009ஆம் ஆண்டுக் கல்வி உரிமைச் சட்டத்தின் 17ஆம் பிரிவு குழந்தைகளை அடிப்பதையும் மனம் வருந்தச் செய்வதையும் தடுத்திருக்கிறது. ஆயினும் அடியாத மாடு படியாது என்ற எண்ணம் சட்டப் புத்தகத்தைத் தாண்டி நம் கைகளில் இன்னும் இருக்கிறது. என் கையில் இருந்தது. குழந்தையும் நாயும் ஒன்றென்று நான் சொல்லவில்லை. நான்கு கால் உயிருக்கே அடி பாடம் சொல்லாதபோது, கேள்வி கேட்கத் தெரிந்த பிள்ளைக்கு அது என்ன சொல்லிவிடும்? பிடிவாதக்காரன், அடங்காதவன், உருப்படாதவன் என்று ஒரு பையனைப் பற்றிச் சொல்லுமுன், அவன் கால்களுக்கு எந்த ஓட்டம் கிடைக்காமல் போயிற்று என்று ஒரு நாள் அவனோடு நடந்து பார்ப்போம்.

நாளைக் காலையும் ஐந்தரை மணிக்கு மின்னல் கயிற்றைத் தானே கவ்விக்கொண்டு என் கட்டிலருகே வந்து நிற்பான். கட்டிலுக்கு அடியில் பதுங்கியவன் அவன். என் வழக்குக்கு இதைவிட வேறு சாட்சி என்னிடம் இல்லை.